பயம் தப்பான விலாசத்துக்குப் போகுது

போன செமஸ்டர் பரீட்சை நேரம். இரவு பதினொரு மணி இருக்கும். எங்கட போர்டிங் விறாந்தையில், சுவர் மூலையில், ஒரு பாம்பு மேல ஏறிக்கொண்டிருந்தது. ஒல்லி. கபில நிறம். உடம்பு முழுக்க வெள்ளைப் பட்டி. முதலில் கண்டவன் போட்ட சத்தத்தில் படிச்சுக்கொண்டிருந்தவன், படிக்கிற மாதிரி நித்திரை கொண்டவன் எல்லாரும் வெளியில வந்தாச்சு.

"எண்ணெய் விரியன் மச்சான், எண்ணெய் விரியன்!"

ஒருத்தன் தும்புத்தடியோட ஓடி வந்தான். இன்னொருத்தன் பின்பக்கம் போய்ப் பொல்லு எடுத்து வந்தான். இரண்டு நிமிசம் கூட எடுக்கவில்லை. அது பல்லி பிடிக்க வந்ததோ, பாதை மாறி வந்ததோ தெரியாது. நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒன்றரை அடி நீளமான ஒரு உயிரை அடிச்சு முடிச்சோம். பிறகு டோர்ச் வெளிச்சத்தில் படம் எடுத்து, பாம்புகளை அடையாளம் சொல்லுற ஒரு முகநூல் குழுவில் போட்டோம். வீரப்பிரதாபம் காட்டத்தான் போட்டது, உண்மையைச் சொன்னால்.

பத்து நிமிசத்தில் பதில் வந்தது. எண்ணெய் விரியன் இல்லை. 'வுல்ஃப் ஸ்னேக்' என்று சொல்லுற இனம். மனிசருக்குச் செய்யக்கூடிய விஷம் ஒன்றும் இல்லை. வீட்டுச் சுவர்களில் ஏறிப் பல்லி தின்னும், அவ்வளவுதான். வித்தியாசத்தையும் ஒருவர் விளக்கியிருந்தார். எண்ணெய் விரியனின் வெள்ளைக் கோடுகள் மெல்லியவை, பெரும்பாலும் சோடி சோடியாக இருக்கும். தலைப்பக்கம் மங்கி, வால்பக்கம் போகப்போகத் தெளிவாகும். இந்தப் பாம்புக்கு மறுவளம்: தலைப்பக்கம் பட்டிகள் அகலமாகத் தெரியும், வால்பக்கம் மங்கும். முதுகின் நடு வரிசைச் செதில்களையும் பார்க்கச் சொன்னார். விரியனுக்கு அவை பெரிதாக, அறுகோணமாக இருக்கும்.

செத்த பாம்பை வைச்சுக்கொண்டு பாடம் படிச்சோம். ஒருத்தரும் கனக்கக் கதைக்கவில்லை.

அப்போதுதான் வன்னியில் இருந்து வந்த நண்பன் ஒருத்தன் தன் பெரியம்மாவின் கதையைச் சொன்னான். வெக்கை காலம். பெரியம்மா அறைக்குள் பாய் விரிச்சு நிலத்தில் படுத்திருக்கிறா. விடியப்புறம் எழும்பி வயித்துக்க நோகுது என்றிருக்கிறா. வாய்வுதான் என்று இஞ்சி அவிச்சுக் குடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கண் இமை தூக்க முடியவில்லை. கதை குழறியது. பிறகு மூச்சு. நல்ல காலம், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு விசயம் விளங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார். பல நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்து பெரியம்மா தப்பி வந்தா. வந்து சொன்ன முதல் கதை இதுதானாம்: "நீங்கள் பக்கத்தில நிண்டு அழுதது முழுக்க எனக்குக் கேட்டது. கண் திறக்க ஏலாமல் கிடந்தது."

அந்தப் பாம்பை யாரும் காணவில்லை. கடிச்ச இடத்தில் நோவும் இல்லை, வீக்கமும் இல்லை.

ஏழு பேர் சேர்ந்து அடிச்சுக் கொன்ற பாம்பால் ஒருத்தருக்கும் ஆபத்தில்லை. ஒரு மனிசியைச் சாவின் வாசல் வரை கொண்டு போன பாம்பை ஒருத்தரும் காணவே இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைச்சுப் பார்த்தபோதுதான் எங்களுக்கு ஒன்று உறைச்சது. பாம்புக்குப் பயப்படுவது பிழை இல்லை. ஆனால் எங்கட பயம் தப்பான விலாசத்துக்குப் போய்க்கொண்டிருக்குது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

யூடியூப்பில் 'உலகின் பயங்கரமான பத்துப் பாம்புகள்' மாதிரி வீடியோக்களை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதில் அவுஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தைப்பான் பாம்பு கட்டாயம் வரும். எலிகளில் செய்த பரிசோதனைகளின்படி உலகிலேயே வீரியம் கூடிய விஷம் அதுக்குத்தான். உண்மை. ஆனால் அந்தப் பாம்பு ஆள் நடமாட்டம் குறைந்த வறண்ட நிலத்தில் எலி வளைகளுக்குள் வாழ்கிறது. அது கடிச்சு மனிசர் செத்ததாகப் பதிவே இல்லை. பின்னணி இசை போட்டு அதைக் காட்டி எங்களைப் பயப்படுத்துகிறார்கள். நாங்களும் பயப்பட்டு, பிறகு நிலத்தில் பாயை விரிச்சுப் படுக்கிறோம்.

இங்கத்தைய கணக்கு வேற. 2012–13 காலத்தில் இலங்கை முழுவதும் 44,000க்கு மேற்பட்ட வீடுகளில் ஒரு பாம்புக்கடி ஆய்வு நடந்தது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் பார்க்காமல் நேரே வீடுகளுக்குப் போய்க் கேட்ட ஆய்வு. அதன் மதிப்பீட்டின்படி ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அதில் 30,000 பேர் வரைக்கும் உடம்பில் விஷம் ஏறுகிறது. 400 பேர் வரை சாகிறார்கள். வருசத்துக்கு நானூறு பேர் என்றால், சராசரியாக ஒவ்வொரு நாளும் ஒருவருக்கு மேல். அதுக்குப் பின்னணி இசை ஒன்றும் இல்லை.

அந்த 80,000க்கும் 30,000க்கும் இடையிலான இடைவெளியை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. கடிபட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விஷமே ஏறவில்லை. கடிச்சது விஷமில்லாத பாம்பாக இருக்கலாம், அல்லது விஷப்பாம்பு விஷத்தைச் செலுத்தாமல் கடிச்சிருக்கலாம். இவர்கள் பார்வை பார்க்கப் போனாலும் தப்புவார்கள், மந்திரிச்சாலும் தப்புவார்கள், சும்மா திண்ணையில் இருந்தாலும் தப்புவார்கள். "அவரிட்டப் போனால் சுகம் வரும், எங்கட அப்பாவுக்கு வந்தது" என்று ஊரில் சொல்லுற கதை பொய்யில்லை. அதில் மருந்தின் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. விஷம் ஏறாத ஆள் காட்டுகிற நம்பிக்கையை நம்பி, விஷம் ஏறிய ஆள் அங்கே போய் நேரத்தைத் துலைக்கிறார். சாவு வருகிற வழி அதுதான்.

பாம்புக் கதைகளுக்கு வருவோம். நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். நாட்டார் கதைகளை 'மூடநம்பிக்கை' என்று ஒரு சொல்லில் தூக்கிப் போட எங்களுக்கு மனமில்லை. கொம்பேறி மூக்கன் கதையையே எடுங்கோ. கடிச்சுப்போட்டு மரக் கொப்பில் ஏறி, கடிபட்டவரின் சிதையில் புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்குமாம். இப்படி ஒரு கற்பனை எந்தத் திகில் படத்திலும் இல்லை. பழிவாங்கல், பொறுமை, உறுதிப்படுத்தல், எல்லாமே அதில் இருக்கு. ஆனால் அந்தப் பாம்பு பகலில் மரத்தில் ஓணானும் தவளையும் தேடித் திரிகிற, மனிசருக்கு விஷமில்லாத ஒன்று. அது மரம் ஏறுவது அங்கேதான் அதன் வாழ்க்கை இருக்கு என்பதால்.

பச்சை நிறத்தில் கொடி மாதிரி ஆடுகிற கண்கொத்திப் பாம்பும் அப்படித்தான். கண்ணைத் தேடி வந்து கொத்தும் என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொன்னார்கள். அதனிடம் இருக்கிறது பல்லி, ஓணானை மயக்கப் போதுமான மெல்லிய விஷம், மனிசரைக் கொல்லாது. ஆனால் அதின் கண்ணைக் கவனிச்சிருக்கிறீர்களா? கண்மணி படுக்கையாக, ஒரு சாவித் துவாரம் மாதிரி இருக்கும். கூரான மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம் ஓடுவதால் இரண்டு கண்ணாலும் ஒரே இடத்தை நேராகப் பார்க்க முடியும். இரை எவ்வளவு தூரத்தில் என்று துல்லியமாக மதிப்பிட அது உதவுகிறது. எங்கட கண்ணைக் கொத்தும் என்று சொன்ன பாம்பின் அதிசயம் அதின் சொந்தக் கண்ணில்தான் இருந்திருக்கு.

சாரையும் நாகமும் பிணையும் என்பது இன்னொரு கதை. இரண்டு பாம்பு ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிலத்தில் இருந்து எழும்பி நிற்கும். அதின் மேல் வேட்டியைப் போட்டு எடுத்து வைச்சால் வீட்டுக்கு அதிட்டம் என்பார்கள். உண்மையில் நடப்பது என்ன? அங்கே நாகமும் இல்லை, காதலும் இல்லை. இரண்டும் ஆண் சாரைகள். ஒன்றின் தலையை மற்றது நிலத்தில் அமத்தப் பார்க்கிற மல்யுத்தம் அது. கடிச்சுக் கொல்லாமல், பலத்தை மட்டும் காட்டி, தோற்றவர் போய்விடுகிற போட்டி. கம்பஸில் நடக்கிற சில சண்டைகளை விட நாகரிகமானது.

எங்கட ஆட்கள் பாம்பைக் கும்பிடுகிறவர்களும்தான். நயினாதீவில் நாகபூசணி அம்மன், புளியம்பொக்கணையில் நாகதம்பிரான். புற்றைக் கண்டால் பால் வார்ப்போம். பால் பாம்பின் உணவே இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மகுடிக்கு ஆடுகிறது என்று நினைக்கிற நாகம் இசைக்கு ஆடவில்லை, தன் முன்னால் ஆடுகிற மகுடியின் அசைவைத்தான் கண்ணால் பின்தொடருகிறது என்பதும் இருக்கட்டும். வேடிக்கை என்னவென்றால், கொல்லக்கூடிய விஷம் உள்ள நாகத்துக்கு 'நல்லபாம்பு' என்று பேர் வைச்சுப் பால் வார்க்கிறோம். விஷமே இல்லாமல் வயலிலும் வளவிலும் எலி தின்று திரிகிற சாரையைக் கண்ட இடத்தில் அடிக்கிறோம். நாகத்தை அடிக்கக் கை கூசுகிற அந்த மரியாதை நல்ல விசயம். அதில் கொஞ்சத்தைச் சாரைக்கும் குடுத்தால் என்ன?

சரி, உண்மையிலேயே பயப்பட வேண்டியது எதுக்கு?

முதலாவது, அந்தப் பெரியம்மாவைக் கடிச்ச எண்ணெய் விரியன். கட்டுவிரியன் என்றும் சொல்லுவார்கள். பகலில் இதைக் கண்டால் இதுவா அது என்று நினைப்பீர்கள். சீண்டினாலும் பெரும்பாலும் உடம்பைச் சுருட்டித் தலையை உள்ளுக்குள் ஒளிச்சுக்கொள்ளும். இரவில் அது வேற ஆள். எலியும் பல்லியும் மற்றப் பாம்புகளும் தேடி வீட்டுக்குள் வரும். நிலத்தில் படுத்திருக்கிறவர் புரண்டு அதின் மேல் கை போட்டால் கடிக்கும். பல் சின்னது, நோவு தெரியாது. சில பேர் எழும்புவதே இல்லை. அதின் விஷம் நரம்பும் தசையும் சந்திக்கிற இடத்தைத் தாக்குகிறது. மூளை சொல்லுற கட்டளை தசைக்குப் போய்ச் சேராது. முதலில் கண் இமை விழும், பிறகு விழுங்க ஏலாது, கடைசியாக மூச்சு விடுகிற தசைகள் நிற்கும். அவ்வளவு நேரமும் மூளை முழிப்பாக இருக்கலாம். செத்துப்போனார் என்று நாங்கள் நினைக்கிற ஆள், நாங்கள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இதை விடப் பயங்கரமான பாம்புக் கதை எங்கட பாட்டிமார் யாரும் சொன்னதில்லை. ஆனால் இந்தக் கதைக்கு ஒரு நல்ல முடிவும் இருக்கு. நரம்பு நுனிகள் திரும்ப வளரும். அதுவரை இயந்திரம் மூச்சு விட்டுக் குடுத்தால் ஆள் எழும்பி வீட்டுக்கு நடந்து போவார்.

இரண்டாவது, புடையன். கண்ணாடி விரியன் என்றால் தமிழ்நாட்டு ஆட்களுக்கு விளங்கும். வயலில் சருகோட சருகாகக் கிடக்கும். ஓடித் தப்புவதை விட அசையாமல் கிடப்பதைத்தான் நம்பும். அதனால்தான் நெல் வெட்டுகிறவரின் காலும் கையும் அதில் படுகிறது. கிட்டப் போனால் பிரஷர் குக்கர் மாதிரிச் சீறும். முட்டை போடாது, இருபது முப்பது குட்டிகளை உயிரோட ஈனும். அதின் விஷம் செய்கிற வேலை விசித்திரமானது. இரத்தம் உறைவதற்கான சங்கிலித் தாக்கத்தை உடம்பு முழுக்க ஒரேயடியாகத் தூண்டிவிடுகிறது. உறைய வைக்கிற சரக்கெல்லாம் அதிலேயே செலவாகி முடிய, பிறகு இரத்தம் உறையவே மாட்டாது. முரசில் இருந்து, சிறுநீரில் இருந்து இரத்தம் வரும். சிறுநீரகம் பழுதாகும். ஆஸ்பத்திரியில் இதைக் கண்டுபிடிக்கிற முறை எவ்வளவு எளிது என்று அறிஞ்சபோது நாங்கள் ஆச்சரியப்பட்டோம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்ச இரத்தத்தை விட்டு, இருபது நிமிசம் ஆட்டாமல் வைக்கிறார்கள். பிறகு சரிச்சுப் பார்க்கிறார்கள். தண்ணியாக ஓடினால் விஷம் வேலை செய்கிறது.

இந்தப் பாம்புக்கு ஆங்கிலத்தில் உள்ள பேர் பற்றிக் றஸ்ஸல் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவருடையது. சோழமண்டலக் கரையில் பாம்புகளைச் சேகரிச்சு 1796இல் புத்தகம் போட்டவர். கிட்டத்தட்ட 140 வருடத்துக்குப் பிறகு, 1934இல், மக்ஃபார்லேன் என்ற ஆங்கில மருத்துவர் இதே புடையன் விஷத்தை நன்றாக ஐதாக்கி, இரத்தம் உறையாத பரம்பரை நோய் உள்ளவர்களின் காயத்தில் பூசி இரத்தத்தை நிப்பாட்டிக் காட்டினார். இன்றைக்கும் சில இரத்த நோய்களைக் கண்டுபிடிக்கிற பரிசோதனையில் புடையன் விஷம் பாவிக்கப்படுகிறது. சுருட்டை விரியனின் விஷத்தில் இருந்த ஒரு புரதத்தைப் பார்த்துத்தான், மாரடைப்பு நோயாளிகளுக்குக் குடுக்கிற டைரோஃபைபன் என்ற மருந்தை வடிவமைச்சார்கள். கொல்லுகிற அதே திறமைதான் காப்பாத்துகிறதும். அதைக் கண்டுபிடிக்க யாரோ ஒருவர் பொல்லைக் கீழே வைச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் உத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இனி நாங்கள் கோபத்தோட சொல்ல வேண்டிய பகுதி. பாம்புக்கடி ஏழைகளின் நோய். கட்டில் உள்ளவரை எண்ணெய் விரியன் கடிப்பது குறைவு. பூட்ஸ் போட்டு வயலில் இறங்குகிறவரைப் புடையன் கடிப்பது குறைவு. கடிபடுகிறவர் விவசாயி, கூலி, மண் வீட்டில் நிலத்தில் படுக்கிறவர். உலக சுகாதார நிறுவனமே 2017இல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. உலகம் முழுக்க வருடத்துக்கு 81,000 முதல் 138,000 பேர் வரை சாகிறார்கள் என்று அதே நிறுவனம் மதிப்பிடுகிறது. 2030க்குள் இதைப் பாதியாக்குவது இலக்கு. எங்கட ஆஸ்பத்திரிகளில் ஏத்துகிற விஷமுறி மருந்து இந்தியாவில் இருந்து வருவது. அங்கத்தைய நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை என்ற நாலின் விஷத்தைக் குதிரைக்கு ஏத்தி எடுக்கிற மருந்து. இங்கே ஈர வலயத்தில் கனபேரைக் கடிக்கிற, சிங்களத்தில் பொலன் தெலிஸ்ஸா என்று சொல்லுற கூர்மூக்கு விரியனுக்கு அந்த மருந்து கேட்காது. இந்த நாட்டுப் பாம்புக்கு இந்த நாட்டு மருந்து வேணும் என்பது தேர்தல் மேடையில் கேட்கிற விசயமாக இல்லை. சாகிறவர்கள் சத்தம் போடக்கூடிய ஆட்கள் இல்லை என்பதுதான் காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

"அப்ப வீட்டுக்குள்ள வந்த பாம்பையும் அடிக்காம விடச் சொல்லுறியளோ?" என்று வாசிக்கிறவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் நிண்டு இயற்கை நேசம் கதைக்க எங்களுக்கு வாயில்லை. ஆனால் ஒன்று: பாம்பை அடிக்கப் போய்க் கடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். விலகி நிண்டு, அது போகிற வழியை விட்டு, தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுவது கோழைத்தனம் இல்லை. இன்னொன்று: அடிச்ச பாம்பால் வீடு பாதுகாப்பாகி விடாது. வீட்டைச் சுத்தி எலி வராமல் குப்பையை அகற்றுவது, விறகை வீட்டோட சேர்த்து அடுக்காமல் விடுவது, இரவில் டோர்ச் இல்லாமல் வெளியில இறங்காமல் இருப்பது, நிலத்தில் படுத்தாலும் நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே நல்லாச் செருகிப் படுப்பது, இவைதான் பாதுகாப்பு. நுளம்பு வலை பாம்பையும் மறிக்கும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

கடிச்சிட்டால்: இறுக்கிக் கட்டாதீங்கோ, வெட்டாதீங்கோ, உறிஞ்சாதீங்கோ. மோதிரம், காப்பைக் கழட்டுங்கோ. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைச்சு, ஆளை நடக்க விடாமல், 1990க்கு எடுத்தோ கிடைச்ச வாகனத்திலோ ஆஸ்பத்திரிக்கு. பாம்பைப் பிடிச்சுக் கொண்டு போகத் தேவையில்லை. தூர நிண்டு படம் எடுக்க முடிஞ்சால் காணும். முக்கியமாக, நிலத்தில் படுத்தவர் விடியப்புறம் காரணமில்லாமல் வயித்து நோ என்று சொல்லி, இமையும் தொங்கினால், இஞ்சித் தண்ணி வைச்சு நேரத்தைப் போக்காதீங்கோ.

எங்கட போர்டிங்கில் அந்த இரவுக்குப் பிறகு பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை. விறாந்தை லைட்டைத் திருத்தினோம். பின்பக்கக் குப்பையை ஒரு ஞாயிறு முழுக்க நிண்டு அள்ளினோம். இரண்டு பாம்பின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினோம். பொல்லு இன்னும் கதவுக்குப் பின்னால்தான் நிற்குது. பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் போன மாசம் மழைக்குப் பிறகு அதே சுவரில் அதே இனம் ஒன்று ஏறினபோது, முதலில் பொல்லைத் தேடினவன் டோர்ச்சை அடிச்சு வால்பக்கத்தைப் பார்த்தான். "பட்டி மங்குது மச்சான், விடு" என்றான்.

அது கூரை இடுக்குக்குள் போகும் வரைக்கும் நாங்கள் எல்லாரும் நிண்டு பார்த்தோம். பயம்தான். ஆனால் இந்த முறை பயம் எங்களைப் பார்க்க விட்டது.